கோட்டைப் படிக்குச் சுடுதண்ணீர்

மூன்றாவது கெட்டிலையும் கவிழ்த்தாயிற்று. பனி உஸ்ஸென்று உள்வாங்கிக் கரைந்தது. ஆவி முகத்தில் அடித்து விலகியதும் கல் கறுப்பாக, கழுவித் துடைத்ததுபோலத் தெரிந்தது. ஹியோதோ ஒரு படி கீழே இறங்கி நின்று பார்த்தார். ஏழு படி முடிந்திருந்தது. இன்னும் ஏழு. காலிக் கெட்டிலோடு காவல் அறைக்குத் திரும்பி, குழாயைத் திறந்து, நான்காவது தண்ணீரை அடுப்பில் ஏற்றினார்.

மணி எட்டு. ஒன்பதுக்குக் கோட்டையைத் திறக்க வேண்டும். அடிவாரத்திலிருந்து வரும் பாதை பெரும்பாலும் மண்ணும் மரவேரும்தான். அங்கே பனியை மிதித்து ஏறி வந்துவிடலாம். கடைசிப் பதினான்கு படிதான் கல். பழைய கல், ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம். காய்ந்த நாளிலேயே வருஷத்துக்கு இரண்டு பேராவது அதில் முழங்காலை இடித்துக்கொள்வார்கள். படி ஏறினால் முன்முற்றம், முற்றத்துக்கு அந்தப் பக்கம் மூன்றடுக்குக் கோபுரம். வெள்ளைச் சுவர், சாம்பல் ஓடு. இன்றைக்குச் சுவர் எங்கே முடிந்து கூரை எங்கே தொடங்குகிறது என்பதே தெரியவில்லை.

துடைப்பத்தால் முதலில் கூட்டிப் பார்த்திருந்தார். மூங்கில் துடைப்பம், இலை கூட்டுவதற்கானது. பனி அதற்கு நகரவில்லை, அமுங்கியது. பனி அள்ளும் பலகை கோட்டையில் கிடையாது. ஊரிலேயே யாரிடமும் இருக்காது. தெற்குக் கடலோர ஊர். சரிவெல்லாம் ஆரஞ்சுத் தோட்டம். வருஷத்துக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ பனி தூவும், மத்தியானத்துக்குள் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். கணுக்கால் புதையப் பெய்தது ஹியோதோ நடுநிலைப் பள்ளியில் இரண்டாம் வருஷம் படித்தபோது. அன்றைக்குப் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள் என்பதைத் தவிர அவருக்கு வேறொன்றும் நினைவில்லை.

அடுப்பில் தண்ணீர் முனகத் தொடங்கும்போது தொலைபேசி அடித்தது. நகராட்சி அலுவலகத்தில் கோட்டையைப் பார்த்துக்கொள்ளும் அகமட்சு. ஹியோதோவுக்கு மேலதிகாரி, வயதில் இருபத்தைந்து வருஷம் இளையவர்.

“ஹியோதோசான், நான் கணவாய்ல மாட்டிக்கிட்டேன். முன்னாடி ஒரு லாரி ரோட்டுக்குக் குறுக்கா நிக்குது. பஸ்ஸும் இல்லையாமே, நீங்க எப்படிப் போனீங்க?”

“நடந்து.”

“அங்க எவ்வளவு இருக்கு?”

“முற்றத்துல ஒரு சாண்.”

“ஒரு சாணா! சரி, திறக்கலாமா வேணாமான்னு நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க. திறக்கலைன்னா போட்டோ எடுக்க வர்றவங்க எல்லாம் போன் போட்டுத் திட்டுவாங்க. திறந்து எவனாவது விழுந்தா அதுவும் நம்ம தலையிலதான்.”

“அப்ப என்ன பண்றது?”

“அதான் சொல்றேனே, நீங்களே பாத்து.”

ஹியோதோ பார்த்துத்தான் செய்துகொண்டிருந்தார். நாலாவது கெட்டில், ஐந்தாவது, ஆறாவது. எட்டரைக்குப் பதினான்கு படியும் கறுப்பாகிவிட்டன. மேலே நின்று பார்க்க, வெள்ளை மலையில் அது ஒன்றுதான் உருப்படியான இடமாகத் தெரிந்தது.

அவருக்கு அறுபத்து நான்கு வயது. நாற்பத்தொரு வருஷம் ஆரஞ்சுக் கூட்டுறவுச் சங்கத்தின் கொட்டகையில் பழம் பிரித்தார். ரப்பர் பட்டையில் ஓடிவரும் பழத்தை அளவு பார்த்து, தோல் பார்த்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளுவது. கடைசிப் பத்து வருஷம் அந்த வேலையை இயந்திரம் செய்தது. ஹியோதோ இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அறுபதில் ஓய்வு. மூன்று மாதம் அலைதடுப்புச் சுவரில் உட்கார்ந்து மீன் பிடித்தார். மீன் நிறையக் கிடைத்தது, அதுதான் சிக்கல். மீன்பலகாரக் கடையில் நாள் முழுக்க மீன் அரைத்துவிட்டு வரும் மனைவி, இனிமேல் வீட்டுக்கு ஒரு மீன் வந்தாலும் தான் வெளியே போய்விடுவதாகச் சொன்னாள். நகராட்சிச் செய்தித்தாளில் கோட்டைக்கு ஆள் தேவை என்று போட்டிருந்தது. தகுதி என்ற இடத்தில், தினமும் எண்பது மீட்டர் மலை ஏறக்கூடியவர் என்பது மட்டும் இருந்தது. விண்ணப்பித்தார். கிடைத்தது. வருஷா வருஷம் மார்ச்சில் புதுப்பிக்கும் வேலை. கோட்டைமேல் அவருக்கு விருப்பமும் இல்லை வெறுப்பும் இல்லை. காலையில் மூன்று மாடியின் பலகைச் சன்னல்களையும் மேலிருந்து கீழாகத் திறப்பார், மாலையில் கீழிருந்து மேலாக மூடுவார். நடுவில் வருகிறவர்களுக்கு உள்ளே போட்டுக்கொள்ளும் செருப்பு எடுத்துக் கொடுப்பார்.

“நில்லு! நகராத! அங்கயே நில்லு!”

கீழேயிருந்து குரல். முடிதிருத்தும் கடை நினோமியா முக்காலியைத் தோளில் சார்த்தி, கேமராவைக் கோட்டுக்குள் கர்ப்பம்போல மறைத்துக்கொண்டு ஏறி வந்தார். எழுபது வயது. காலில் வெள்ளை ரப்பர் பூட்ஸ், மீன் ஏலக்கூடத்தில் போடுவது.

“முற்றத்துல கால் வச்சியா?”

“வைக்காம எப்படிக் கதவத் திறக்கறது?”

“எங்க வச்ச? நடுவுலயா?”

“சுவரோரமா. ஒரே தடத்துலதான் போயிட்டு வந்தேன்.”

நினோமியா படியின் அடியிலிருந்தே எட்டிப் பார்த்தார். மூச்சு வாங்கியது. “பிழைச்ச. நடுவுல வச்சிருந்தேன்னா அடுத்த தடவை காது ஒண்ணு குறைச்சுத்தான் அனுப்பியிருப்பேன்.”

முப்பத்திரண்டு வருஷமாக ஐந்து வாரத்துக்கு ஒருமுறை ஹியோதோவின் தலை நினோமியாவின் கையில் இருக்கிறது. கடையில் எதிர்ச்சுவரில் ஊர்ச் சேமிப்பு வங்கியின் காலண்டர் தொங்கும். ஜனவரி மாதத்துக்கு எந்த வருஷமும் ஒரே படம்தான்: பனி மூடிய கோட்டைக் கோபுரம். எடுத்தவர் மருந்துக்கடைக்காரர் ஒருவர். செத்துப் பதினைந்து வருஷமாகிறது. ஊரில் அந்தப் படத்துக்குப் பிறகு அப்படிப் பனி பெய்யவில்லை என்பதால் வங்கி படத்தை மாற்றவில்லை. செத்த பிறகும் ஜனவரியை விட்டுக் கொடுக்காத மனுஷன் என்று நினோமியா சொல்லுவார். கோட்டையை அவரும் எடுத்திருக்கிறார். செர்ரிப் பூவில், மழையில், நிலாவில். அவை ஏப்ரலிலும் ஜூனிலும் செப்டம்பரிலும் வந்தன. ஜனவரி வரவில்லை.

“படி சுத்தமா இருக்கே,” என்றார் ஏறிக்கொண்டே. ஈரம்தான் இருந்தது, பூட்ஸ் பிடித்தது. “நல்ல வேலை பண்ணியிருக்க. கீழ நகராட்சி ஆபீஸ் வாசல்ல அஞ்சு பேர் அட்டைப்பெட்டியக் கிழிச்சு வச்சுக்கிட்டு அள்றானுங்க. கூட்டினியா?”

“கூட்டினேன்,” என்றார் ஹியோதோ. கெட்டிலைப் பற்றிச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை, பாராட்டு வந்தது, அதோடு போதும் என்றிருந்தது.

ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தார். யாரும் வரவில்லை. நினோமியா முற்றத்தின் ஓரத்தில் முக்காலியை நட்டு மேகம் விலகக் காத்திருந்தார். கடலிலிருந்து காற்று வந்தது. ஹியோதோ மூன்றாவது மாடிக்குப் போய்ச் சன்னலைத் திறந்தார். விரிகுடாவில் முத்து வளர்க்கும் மிதவைகள் வெள்ளைக் கோடுகளாகக் கிடந்தன. சரிவுகளில் பிந்திய ரகப் பழம் இன்னும் மரத்தில் இருந்தது. இந்தக் குளிரில் அது வெளியே ஒன்றும் காட்டாது. அடுத்த வாரம் வெட்டினால் உள்ளே சக்கை. கொட்டகையில் இருந்தால் இப்போது எத்தனை கூடை தள்ளுபடி ஆகும் என்று கணக்குப் போட்டிருப்பார். இப்போது போடவில்லை. கீழே இறங்கினார்.

பத்தே காலுக்கு முதல் ஆள் வந்தாள். ஐம்பது வயதிருக்கும் பெண், முதுகில் பை, காலில் முள்ளடி வைத்த கனத்த பூட்ஸ். முற்றத்தைச் சுவரோரத் தடத்திலேயே கடந்து கோபுர வாசலுக்கு வந்தவள் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“படியில சுடுதண்ணி ஊத்தினது யாரு?”

ஹியோதோ எழுந்து நின்றார். “நான்தான். பனிய எடுக்கறதுக்காக...”

அவள் சிரித்துவிட்டாள். கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். “கோவிச்சுக்காதீங்க. நான் அவொமோரி. வடக்க, நாலு மாசம் பனிதான். எங்க ஊர்லயும் இதச் செய்வோம். ஒரே ஒரு தடவை. ஆறு வயசுல.”

“என்ன ஆச்சு?”

“ஆச்சா? அங்க இருக்கறது படி இல்ல, கண்ணாடி. நான் ஓரத்துப் பனியில குத்திக் குத்தி ஏறி வந்தேன். இந்தக் காத்துல இன்னும் இறுகும். மணல் இருக்கா? சாம்பல்? எது இருந்தாலும் சரி, உடனே போடுங்க.”

“மணல் இருக்கு. தீயணைக்கற வாளியில.”

“அப்ப போங்க.”

“இதோ,” என்றார் ஹியோதோ.

அவள் ஏற்கெனவே ஒரு பூட்ஸைக் கழற்றியிருந்தாள். வருகிறவர் ஒற்றைக் காலில் நிற்கும்போது விட்டுவிட்டுப் போவது எப்படி? குனிந்து உள்செருப்பை எடுத்து அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். கழற்றிய பூட்ஸை எடுத்து முனை வாசலைப் பார்க்கத் தட்டில் வைத்தார். “இவ்வளவு பனியில இவ்வளவு தூரம் வந்ததுக்கு ரொம்ப நன்றி,” என்று தினமும் சொல்வதைப் பனி சேர்த்துச் சொன்னார். டிக்கெட்டின் மூலையைக் கிழித்தார். பையின் பக்கவாட்டில் கோட்டை முத்திரை குத்தும் சிறு புத்தகம் நீட்டிக்கொண்டிருந்தது. நாட்டில் மிஞ்சியிருக்கும் பன்னிரண்டு பழைய கோபுரங்களையும் பார்த்து முடிக்கிறவர்கள் வைத்திருப்பது. அவர் மைப்பெட்டியைத் திறந்தார்.

“அது அப்புறம் ஆகட்டும்,” என்றாள் அவள்.

“ஒரு நிமிஷம்தான்.”

திறந்த கதவு வழியே நினோமியா தெரிந்தார். முக்காலியின் கால்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தார். முப்பது அடி தூரம். கூப்பிட்டால் கேட்கும். ஹியோதோ முத்திரையை மையில் ஒற்றி, நேராகப் பிடித்து, தாளில் வைத்து அழுத்தினார். தேதியை வேறு முத்திரையால் கீழே குத்தினார். மை பக்கத்துத் தாளில் படாமலிருக்க மையொற்றும் தாளைக் கிழித்து நடுவில் வைத்தார். புத்தகத்தை இரண்டு கையாலும் நீட்டினார். அதன் முதல் பக்கத்தில் மிகாமி என்று அவள் பெயர் இருந்தது.

பிறகு மணல் வாளியை எடுக்கத் திரும்பினார். அப்போது சத்தம் வந்தது. உலோகம் கல்லில் இடிக்கும் சத்தம். ஒன்று, இரண்டு, பிறகு நிற்காமல் உருண்டு இறங்கியது. மனிதச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

நினோமியா படியின் அடியில் உட்கார்ந்திருந்தார். தொப்பி மூன்றாவது படியில் கிடந்தது. வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்து மடியில் வைத்திருந்தார், வேறு யாருடைய பொருளையோ பத்திரமாக வைத்திருப்பதுபோல. கை இருக்க வேண்டிய திசையில் இல்லை. ஹியோதோவும் மிகாமியும் ஓரத்துப் பனியில் இறங்கிப் போவதற்குள் அவர் தலையைக் குனிந்தார்.

“மன்னிச்சிடுங்க ஹியோதோசான். வேலை நேரத்துல பெரிய தொந்தரவு குடுத்துட்டேன்.”

முப்பத்திரண்டு வருஷமாக நீ, வா, போ என்று பேசியவர்.

“இல்ல இல்ல,” என்றார் ஹியோதோ.

“மச்சான் பூட்ஸு. அடி தேஞ்சு போச்சுன்னு அவன் சொன்னான். நான்தான் கேக்காம வாங்கிட்டு வந்தேன். வயசானவன் புத்தி.” கோட்டுக்குள் குனிந்து பார்த்தார். “கேமரா நல்லாருக்கு. வயித்துல விழாம கையில விழுந்தேன். அது வரைக்கும் புத்தி இருந்துருக்கு.”

“முடி வெட்டறவர்,” என்றார் ஹியோதோ அவளிடம்.

“எந்தக் கையில கத்தரி பிடிப்பீங்க?” என்று கேட்டாள் மிகாமி. கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள், மறுபடி கேட்கவில்லை. கோபுர வாசலில் கொடுக்கும் விளக்கத் தாள் கட்டு ஒன்றை மடித்து மணிக்கட்டுக்குக் கீழே கொடுத்து, தன் கழுத்துத்துணியால் சுற்றிக் கட்டினாள்.

ஆம்புலன்ஸ் அடிவாரத்துக்கு மேல் வராது. மூன்று பேரும் நடந்து இறங்கினார்கள். நினோமியா நடுவில், ஹியோதோ இடது தோளைத் தாங்கி, பின்னால் மிகாமி முக்காலியோடு. பாதி வழியில் வலி ஏறியிருக்க வேண்டும், நினோமியா பாதையோர மூங்கிலைப் பிடித்து நின்றார். மூங்கிலில் இருந்த பனி மொத்தமும் அவர் தலையில் கொட்டியது.

“பாத்தீங்களா,” என்றார் மிகாமியிடம், “பனிகூட எங்கள மதிக்கறதில்ல. உங்க ஊருக்குப் போய்ச் சிரிக்காதீங்கம்மா.”

“எங்க ஊர்லயும் விழுவாங்க.”

“எழுபது வயசுலயா?”

“எழுபது வயசுல கூரை மேல நின்னு பனி தள்ளுவாங்க. அங்கயிருந்து விழுவாங்க.”

நினோமியா சிரித்தார். சிரித்ததும் கை வலித்தது. “ஹியோதோசான், கோட்டைய யாரும் பாத்துக்க ஆளில்லாம விட்டுட்டு வந்திருக்கீங்க என்னால. ரொம்ப மன்னிக்கணும்.”

ஹியோதோ வாயைத் திறந்தார். பாதை குறுகலாக இருந்தது, அடுத்த அடியைப் பார்க்க வேண்டியிருந்தது. “கால் பாத்து,” என்றார்.

ஊரில் டயருக்குச் சங்கிலி போட்ட ஒரே ஆம்புலன்ஸ் அதுதான். நினோமியாவைப் படுக்கவைத்து உள்ளே தள்ளும்போது, படுத்தபடியே தலையை மட்டும் தூக்கி இன்னொருமுறை மன்னிப்புக் கேட்டார். கதவு மூடியது.

இருவரும் சாலையில் நின்றார்கள். எதிரே தபால் நிலையத்து வாசலில் ஒருவர் வாணலிக் கரண்டியால் பனி சுரண்டிக்கொண்டிருந்தார்.

“நீங்க சொல்லலை,” என்றாள் மிகாமி.

ஹியோதோ அந்தக் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லுங்கன்னு சொல்ல வரல. நான் நாளைக்கு இங்க இல்ல.” முக்காலியை அவர் கையில் கொடுத்தாள். “எங்க ஊர்க் கோட்டை குளிர்காலம் முழுக்கப் பூட்டியிருக்கும். பனி இல்லாத ஊராப் பாத்துப் போவோம்னுதான் இங்க வந்தேன். இன்னும் உங்க மேல்மாடியப் பாக்கல. வாங்க, முதல்ல மணலப் போடுவோம்.”

மேலே போய் இரண்டு வாளி மணலையும் பதினான்கு படியிலும் போட்டார்கள். விசிறுவது எப்படி என்று அவள் காட்டினாள். குவியலாகக் கொட்டக் கூடாது, கோழிக்குத் தீனி போடுவதுபோல மணிக்கட்டை அசைத்துத் தூவ வேண்டும். ஹியோதோ தூவினார். பிறகு அவள் மூன்று மாடியும் ஏறிப் பார்த்தாள், அரைமணி நேரம் இருந்தாள், இறங்கி வந்து பூட்ஸைப் போட்டுக்கொண்டு, நல்ல கோபுரம், சிறியது, ஆனால் படிக்கட்டு செங்குத்து என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அகமட்சு இரண்டு மணிக்கு வந்து சேர்ந்தார். கணவாயிலிருந்து பாதி தூரம் நடந்திருந்தார். கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. காவல் அறையில் அடுப்பை ஒட்டி உட்கார்ந்து விபத்து அறிக்கைப் படிவத்தை எடுத்தார்.

“நீங்க எழுதுங்க, நான் சொல்றேன். இடம், கோபுரத்துக்குக் கீழ கல்படி. நேரம்?”

“பத்து இருபது.”

“காரணம்...” அகமட்சு யோசித்தார். “படியில நீங்க என்ன பண்ணியிருந்தீங்க?”

“கூட்டினேன்.”

“அது போதும். ‘ஊழியர் காலையிலேயே படியைச் சுத்தம் செய்திருந்தார்.’ அத எழுதுங்க. ‘கடுங்குளிரால் படி உறைந்தது. வந்தவரின் காலணி பொருத்தமற்றது.’ காலணிய அவரே சொன்னாராமே?”

“சொன்னார்.”

“அப்ப சரி.” அகமட்சு காலை அடுப்புச் சூட்டில் காட்டினார். “நான் பண்ணின கூத்தக் கேளுங்க. காலையில அவசரத்துல கார் கண்ணாடியில சுடுதண்ணிய ஊத்தினேன். டப்புன்னு இந்த மூலையிலேர்ந்து அந்த மூலை வரைக்கும் கீறல். என் பொண்டாட்டி சன்னலத் திறந்து, ‘படிச்சவன் செய்யற வேலையா’ன்னா. தெரு முழுக்கக் கேட்டுச்சு.”

ஹியோதோ பேனாவைப் பிடித்தபடி இருந்தார். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள். கண்ணாடியை மாற்றிவிடலாம் என்பதால் அவர் சிரிக்கிறார் என்று ஹியோதோவுக்குத் தோன்றியது. சொன்னபடி எழுதி, அடியில் பெயர் முத்திரையைக் குத்தினார்.

“மார்ச் பத்தாம் தேதிக்குள்ள அடுத்த வருஷத்துக்குப் பேர் அனுப்பணும். உங்க பேரத்தான் அனுப்பப் போறேன். இப்படி ஒரு நாள்ல நடந்து வந்து திறந்தீங்கன்னும் எழுதறேன்,” என்றார் அகமட்சு.

நாலு மணிக்குத் தொலைபேசி. நினோமியாவின் மனைவி தொமியே. மணிக்கட்டில் இரண்டு எலும்பு உடைந்திருக்கிறது, தகடு வைக்க வேண்டும், மூன்று மாதம் கையைத் தூக்கக் கூடாது என்கிறார்கள். அதற்குப் பிறகும் கத்தரி பிடிக்கும் விரல்கள் எப்படி இருக்கும் என்பதை இப்போது சொல்ல முடியாதாம். இதையெல்லாம் சீக்கிரமாகச் சொல்லி முடித்துவிட்டு, குரலை மாற்றிக்கொண்டாள்.

“உங்களுக்கெல்லாம் எவ்வளவு தொந்தரவு! கோட்டையில இருக்கறவங்ககிட்ட என் சார்பா மன்னிப்புக் கேளுன்னு படுத்துக்கிட்டே சொல்லிட்டிருக்கார். நாளைக்குக் காலையில நேர்ல வர்றேன்.”

“வர வேணாம்மா.”

“அது எப்படி வராம இருக்கறது?”

வீட்டுக்கு நடந்து போகும்போது ஹியோதோ எலும்பை நினைக்கவில்லை. அதை நினைத்துப் பார்க்க அவருக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வருகிறவர்கள் கையோடு கொண்டுவரும் இனிப்புப் பெட்டியைத்தான் நினைத்தார். தொமியே இந்நேரம் கடைத்தெருவில் இனிப்புக் கடைக்குப் போயிருப்பாள். எத்தனை பேர் என்று கணக்குப் பார்த்து, குறைந்துவிடாதபடி ஒன்று கூட உள்ள பெட்டியாக வாங்குவாள். காகிதம் சுற்றி, பட்டுத்துணியில் முடிந்து கொண்டுவருவாள். மேசைமேல் வைத்து அவர் பக்கமாகத் தள்ளுவாள். அகமட்சு பிரித்து, கூட இருந்து அதிகம் சிரமப்பட்டவர் என்று முதலில் ஹியோதோவிடம் நீட்டுவார். எடுத்துக்கொள்ள வேண்டும். தேநீர் ஊற்றிக்கொண்டு சாப்பிட வேண்டும்.

வீட்டில் மனைவி கோட்டையைப் பற்றிக் கேட்டாள். நினோமியா விழுந்ததைச் சொன்னார். “பாவம், அவருக்கு முன்னாடி நீங்க விழாம இருந்தீங்களே,” என்றாள். சோறு போதும் என்று எழுந்துவிட்டார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலை ஆறரைக்குப் பஸ் ஓடியது. வெயில் அடித்தது. ஹியோதோ எட்டுக்கு முன்பே கோட்டைக்குப் போய், புதிய படிவம் ஒன்று எடுத்து, காரணம் என்ற கட்டத்தில், ஊழியர் ஹியோதோ தமோட்சு ஆறு கெட்டில் சுடுதண்ணீரைப் படியில் ஊற்றினார், அது உறைந்தது, உறைந்தது தெரியவந்த பிறகும் அவர் உடனே எச்சரிக்கவில்லை என்று எழுதினார். அகமட்சு எட்டே முக்காலுக்கு வந்து அதை இரண்டு முறை வாசித்தார்.

“நேத்து கூட்டினேன்னு சொன்னீங்க.”

“கூட்டினேன். அப்புறம் ஊத்தினேன்.”

“பத்தாம் தேதிக்கு இன்னும் அஞ்சு வாரம்கூட இல்ல ஹியோதோசான்.”

“தெரியும்.”

அகமட்சு பழைய படிவத்தைக் கிழிக்கவில்லை. இரண்டையும் ஒரே உறையில் போட்டு, மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

ஒன்பதரைக்குத் தொமியே வந்தாள். துணியை அவிழ்க்குமுன் ஹியோதோ எழுந்து நின்று சொன்னார். சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் முடிச்சில் கை வைத்தபடி கேட்டாள். பெட்டியை எடுப்பதா விடுவதா என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாங்கியாயிற்று என்று சொல்லி மேசைமேல் வைத்தாள். தன் கணவருக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றார். நான் சொல்ல மாட்டேன், ஆஸ்பத்திரியில் பார்க்க விடும் நேரம் மூன்று மணி என்றாள். பெட்டியை அன்றைக்கு யாரும் பிரிக்கவில்லை.

மூன்று மணிக்கு ஹியோதோ மருத்துவமனைக்குப் போனார். நினோமியாவின் அறையில் நான்கு கட்டில். இரண்டில் பனியில் விழுந்தவர்கள். காலையில் அறுவை முடிந்து கை மார்பளவு உயரத்தில் கட்டித் தொங்கியது. ஹியோதோ நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். முத்திரை குத்தியதையும் சொன்னார். நினோமியா கேட்டுக்கொண்டிருந்தார்.

“நேத்து உன்கிட்ட நான் மூணு தடவை மன்னிப்புக் கேட்டேன்,” என்றார்.

“நாலு. உங்க வீட்டம்மா போன்ல கேட்டதையும் சேத்து.”

“அப்ப நாலையும் திருப்பிக் குடு.”

ஹியோதோ கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்து நான்கு முறை குனிந்தார். பக்கத்துக் கட்டில்காரர் பத்திரிகையை இறக்கிப் பார்த்தார். நினோமியா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தாதி காய்ச்சல் பார்க்க வந்ததும் ஹியோதோ வெளியே வந்தார்.

மூன்று நாற்பது பஸ்ஸில் திரும்பினார். கோட்டைக்கு அன்றைக்குப் பதினொரு பேர் வந்திருந்தார்கள். முற்றத்தில் வடக்குச் சுவரோரம் மட்டும் பனி பாக்கி இருந்தது. ஐந்து மணிக்குக் கதவடைத்தார்கள்.